திரும்பி வந்த படகுகளும் போய்ச் சேர்ந்த கப்பலும்

இங்கிலாந்துப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியம் ஒன்றுக்குப் பணம் தேவைப்பட்டால், யாராவது ஒருவர் கஷ்டமான பயணம் ஒன்றை மேற்கொள்வார். நூற்றுக்கணக்கான மைல் நடப்பார், சைக்கிள் மிதிப்பார், இல்லாவிட்டால் கரையை ஒட்டியே பாய்மரப் படகு ஓட்டுவார். அவர் படும் பாட்டைப் பார்த்து மக்கள் நன்கொடை கொடுப்பார்கள்.

ஹிலரி லிஸ்டர் என்ற பெண்மணியைப் பற்றிச் சிலர் படித்திருக்கலாம். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவர். மூன்று உறிஞ்சுகுழல்களை வாயருகே பொருத்திக்கொண்டு, ஊதியும் உறிஞ்சியுமே சுக்கானையும் பாயையும் இயக்கினார். 2009இல் பிரிட்டன் தீவைக் கரையோரமாகவே தனியாகச் சுற்றி வந்தார். உடல் இயலாதவர்களைக் கடலில் படகோட்ட வைப்பதற்கென்று ஓர் அறக்கட்டளையும் நடத்தினார். 2014இல் நம் மும்பையிலிருந்து ஓமன் நாட்டு மஸ்கட் வரைக்கும், ஓமன் பெண் ஒருவரோடு சேர்ந்து, அதே குழல் முறையில் படகோட்டிப் போனார். 2018இல் காலமானார்.

அங்கெல்லாம் முதலில் படகு கிளம்புகிறது, பின்னால் பணம் வருகிறது. நம் தமிழ்க் கரையில் இப்படி ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். உண்டு, ஆனால் வரிசை மாறியிருக்கிறது. இங்கே முதலில் மக்களிடம் பணமும் பொருளும் சேர்ந்தன, அதன் பிறகு கப்பல் கிளம்பியது. அந்த மாதிரி இரண்டு கடற்பயணங்கள் என் நினைவுக்கு வந்தன. ஒன்று 1987இல், மற்றது 2022இல். இரண்டுமே இலங்கைக்கு. ஒன்று பாதிக் கடலில் திரும்பியது, மற்றது போய்ச் சேர்ந்தது. ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேவூரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவதென்றால் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். நம் ஊரிலிருந்து கோபிக்குப் போகிற தூரம் அளவுக்குத்தான் வரும். 1914 முதல் அங்கே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடியது. சென்னையில் ரயில் டிக்கெட் எடுத்தவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போய்ச் சேரலாம். 'போட் மெயில்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் அந்த வழியாகத்தான் வந்து மண்டபம் முகாமில் இறங்கினார்கள். அவர்களில் பலர் பிறகு கோத்தகிரி, கூடலூர்த் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். எண்பதுகளில் கலவரம் முற்றியதும் அந்தக் கப்பலும் நின்றுபோனது.

கிட்டத்தில் இருந்தாலும் அது பெரிய கப்பல்களுக்கான கடல் அல்ல. ராமர் பாலத்துத் திட்டுகளில் ஆழம் சில மீட்டர்தான். அதனால் சென்னையிலிருந்து கொழும்புக்குச் சரக்கு போக வேண்டுமென்றால், கப்பல் இலங்கைத் தீவின் கிழக்குக் கரையை முழுக்கச் சுற்றி, தெற்கு முனையைத் தாண்டி, மேற்கே ஏறிப் போக வேண்டும். 2005இல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டம் இதை மாற்றத்தான் வந்தது, நடுவிலேயே நின்றுவிட்டது. நேர்வழியில் போக மீன்பிடிப் படகால்தான் முடியும்.

1987இல் போனவையும் மீன்பிடிப் படகுகள்தான்.

அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1983 ஜூலையில் கொழும்பில் நடந்த கொடுமை தமிழ்நாட்டையே உலுக்கியது. ஆகஸ்ட் 2ஆம் தேதி மாநிலம் முழுக்க முழுஅடைப்பு, ரயில்கூட ஓடவில்லை. அகதிகள் படகுகளில் வந்து இறங்கியபடி இருந்தார்கள். நம் பக்கம் பவானிசாகர் வரைக்கும் முகாம்கள் வந்தன. நான்கு பேர் ஒரு வேட்டியின் நான்கு முனைகளைப் பிடித்துக்கொண்டு கடை கடையாகப் போவதும், அதில் சில்லறையும் நோட்டும் விழுவதும் அன்றைக்குச் சாதாரணக் காட்சி. திருப்பூரில் பணத்துக்குப் பதில் பனியன் கட்டு கொடுத்தவர்கள் உண்டு. பணமாகக் கொடுக்க முடியாதவன் கையில் இருக்கும் சரக்கைக் கொடுப்பது இந்தத் தொழில் ஊரின் பழக்கம்.

1987 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் முதலானவை போவதை இலங்கை அரசு தடுத்தது. மே 26ஆம் தேதி வடமராட்சியில் பெரிய ராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஜூன் 1ஆம் தேதி, யாழ்ப்பாண மக்களுக்குக் கடல்வழியாக நிவாரணப் பொருள் அனுப்பப் போவதாக இந்திய அரசு கொழும்புக்குத் தெரிவித்தது. அப்போது இங்கே பிரதமர் ராஜீவ் காந்தி, அங்கே ஜனாதிபதி ஜெயவர்த்தனா. அவர் சம்மதிக்கவில்லை.

ஜூன் 3ஆம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து 19 படகுகள் செஞ்சிலுவைக் கொடியோடு கிளம்பின. சுமார் 40 டன் உணவும் மருந்தும் மற்றப் பொருள்களும் இருந்தன. பத்திரிகைக்காரர்களும் உடன் போனார்கள். கடல் எல்லையில் இலங்கைக் கடற்படைக் கப்பல்கள் வழிமறித்தன. சில மணி நேரம் பேச்சு நடந்தது, வழி கிடைக்கவில்லை. படகுகள் ஏற்றிய சுமையோடு அப்படியே ராமேஸ்வரத்துக்குத் திரும்பின.

அன்றைக்கு இரவு வானொலிச் செய்தி கேட்டவர்கள் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. யாரும் 40 டன் என்ற கணக்கைப் பேசவில்லை. 'திருப்பி அனுப்பிட்டாங்களாம்' என்ற ஒரு வார்த்தைதான் எல்லார் வாயிலும். விருந்து வைக்கப் போனவனை வாசலில் நிறுத்திய மாதிரி ஊருக்கே ஒரு ரோஷம்.

மறுநாள் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஜூன் 4ஆம் தேதி ஐந்து ஏ.என். 32 சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையோடு பறந்து, யாழ்ப்பாணத்தின் மேல் பாராசூட் கட்டிப் பொருள்களைப் போட்டன. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'பூமாலை'. நம் பக்கம் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். இலங்கை அரசு தன் இறையாண்மை மீறப்பட்டதாகச் சொன்னது. அதன் பிறகு இரண்டு அரசுகளும் பேசி, ஜூன் மாதக் கடைசியில், சம்மதத்தோடு ஒரு கப்பல் காங்கேசன்துறைக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோனது. அடுத்த மாதம் 29ஆம் தேதி ராஜீவ் – ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அதற்குப் பின் வந்த கதையை இங்கே எழுத வேண்டியதில்லை. அது யாருக்கும் நல்லதாக முடியவில்லை.

இப்போது உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1981 மக்கள்தொகைக் கணக்கின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 லட்சத்துக்கு மேல் ஜனம். 40 டன் என்பது 40,000 கிலோ. ஆளுக்கு 50 கிராம்கூட வராது. ஒரு கைப்பிடி அரிசி. அதைக் கொண்டுபோனவர்களுக்கும் இது தெரியும், தடுத்தவர்களுக்கும் தெரியும். ஆகவே அந்தப் படகுகளில் போனது உணவு மட்டும் அல்ல. 'நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்' என்று டெல்லி சொன்ன செய்தியும் போனது. கொழும்பு தடுத்ததும் அந்தச் செய்தியைத்தான்.

இதற்காக அன்றைக்கு வேட்டி பிடித்தவர்களையோ, படகை ஓட்டிப் போன மீனவர்களையோ குறை சொல்ல நான் தயாராக இல்லை. பசித்தவனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் உண்மையானது. ஆனால் ஒரு தருமத்தின் மேல் அரசியல் ஏறி உட்கார்ந்துவிட்டால், வாங்குகிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் நடுவில் மூன்றாவது ஆள் வந்துவிடுகிறான்.

இனி 2022.

இந்தத் தடவை போர் இல்லை, பஞ்சம். இலங்கையிடம் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு தீர்ந்துபோனது. பெட்ரோலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் பல நாள் வரிசை. பால்மாவு கிடைக்கவில்லை. மார்ச் மாதம் காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வுகளையே தள்ளி வைத்தார்கள். மார்ச் 22ஆம் தேதி முதல் தனுஷ்கோடிப் பக்கம் மறுபடியும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். இந்த முறை குண்டுக்குப் பயந்து வரவில்லை, விலைவாசிக்குப் பயந்து வந்தார்கள். ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை அரசு அறிவித்தது.

தமிழ்நாட்டு அரசு முதலில், இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் மலையகத்திலும் இருக்கும் தமிழர்களுக்கு உதவி அனுப்ப மத்திய அரசிடம் அனுமதி கேட்டது. அப்போது அங்கிருக்கும் தமிழ்த் தலைவர்கள், தமிழருக்கு மட்டும் என்று பிரிக்க வேண்டாம், எல்லா மக்களுக்கும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். முதல்வர் ஸ்டாலின் சட்டசபையிலேயே இதைச் சொன்னார். இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன். முப்பது வருஷம் போரில் வீடும் உறவும் இழந்த ஜனங்களின் சார்பில் வந்த வார்த்தை அது. பக்கத்து வரிசையில் நிற்கும் சிங்களத் தாயும் அதே பால்மாவுக்குத்தான் நிற்கிறாள் என்பது அவர்களுக்குக் கண்கூடாகத் தெரிந்திருக்கிறது. தமிழருக்கு மட்டும் மூட்டை வந்து இறங்கினால் நாளைக்கு அதே வரிசையில் தாங்கள் நிற்க முடியாது என்பதும் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 29ஆம் தேதி சட்டசபையில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 80 கோடி ரூபாய்க்கு 40,000 டன் அரிசி, 28 கோடிக்கு 137 வகை மருந்துகள், 15 கோடிக்கு 500 டன் பால்பவுடர், ஆக 123 கோடி. எதிர்வரிசையில் இருந்த ஓ. பன்னீர்செல்வம் தன் குடும்பத்தின் சார்பில் 50 லட்சம் ரூபாய் தருவதாக அங்கேயே எழுந்து சொன்னார். நம் சட்டசபையில் எப்போதாவது நடக்கிற விஷயம் இது, அதனால்தான் குறிப்பிடுகிறேன். பிறகு முதல்வர் பொது நிவாரண நிதிக்கு நன்கொடை தரும்படி மக்களிடம் வேண்டுகோள் வந்தது.

அந்த மே மாதம் நம் ஊர்ப் பக்கம் எப்படி இருந்தது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மாதத் தொடக்கத்திலேயே நூல் விலை கிலோவுக்கு 40 ரூபாய் ஏறிவிட்டது. முன்னாலேயே ஒத்துக்கொண்ட ஆர்டரைப் பழைய விலைக்குத் தைத்துக் கொடுத்தால் நஷ்டம், கொடுக்காவிட்டால் பெயர் போய்விடும். சின்ன பனியன் கம்பெனிகள் தவித்தன. மே 16, 17 இரண்டு நாளும் திருப்பூரில் வேலைநிறுத்தம். தையல் மிஷின் சத்தம் கேட்காத திருப்பூரை நினைத்துப் பாருங்கள். வாரக்கூலி வாங்குகிறவர்களுக்கு இரண்டு நாள் என்பது மளிகைக் கடை பாக்கி.

இலங்கைக்கு முதல் கப்பல் கிளம்பியது மறுநாள், மே 18.

இந்த இரண்டு செய்தியையும் ஒரே பேப்பரில் படித்த மனிதர்கள் என்ன நினைப்பார்கள்? கடைவீதியில் ஒரு தம்பி, கட்டிங் மாஸ்டர், என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏனுங்க சார், நம்ம பாடே திண்டாட்டமா கெடக்குது. இதுல சிலோனுக்கு அரிசிங்களா?" நியாயமான கேள்வி. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், நிலக்கடலை ஏலத்துக்கு வந்தவர், சொன்னார்: "நமக்கு ரெண்டு நாள் கூலி போச்சு தம்பி. ரேசன் கடை தொறந்துதான இருக்குது? அங்க அதுவும் இல்லீங்களாமா." தம்பி மேற்கொண்டு பேசவில்லை. ஒப்புக்கொண்டாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நான் படித்த தலையங்கங்களில் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை.

கஷ்டத்தில் இரண்டு வகை உண்டு. வருமானம் குறைந்த கஷ்டம் ஒன்று. பணம் இருந்தாலும் வாங்கப் பொருளே இல்லாத கஷ்டம் இன்னொன்று. நமக்கு வந்தது முதல் வகை. சிறிசென்று அதைச் சொல்ல முடியாது, எத்தனையோ கம்பெனிகள் அந்த வருஷம் தள்ளாடின. ஆனால் இலங்கையில் அப்போது இருந்தது இரண்டாவது வகை. அதற்கு வெளியிலிருந்து பொருள் கப்பலில் வந்து இறங்கினால்தான் தீர்வு.

அந்தக் கப்பலின் பெயர் 'டான் பின் 99'. சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்வர் கொடியசைத்து அனுப்பினார். 9,000 டன் அரிசி, 200 டன் பால்பவுடர், 24 டன் மருந்து, மதிப்பு 45 கோடி ரூபாய். தமிழ்நாட்டு மக்களின் அன்புடன் அனுப்பப்படுவதாக மூட்டைகளில் அச்சடித்திருந்தது. தீவைச் சுற்றிப் போய் மே 22ஆம் தேதி கொழும்பில் பொருள்கள் ஒப்படைக்கப்பட்டன. இந்தியத் தூதர் கொடுக்க, இலங்கை வெளியுறவு அமைச்சர் பீரிஸ் வாங்கிக்கொண்டார். பத்து நாள் முன்புதான் பிரதமர் பதவி ஏற்றிருந்த ரணில் விக்ரமசிங்க நன்றி தெரிவித்தார்.

ஜூன் மாதம் அடுத்த கப்பல் தூத்துக்குடியிலிருந்து போனது, 14,000 டன்னுக்கும் மேல் அரிசியோடு. அந்தத் துறைமுகத்துக்கு இப்போது வ.உ.சி. பெயர். பொருத்தத்தைப் பாருங்கள். 1906இல் அவர் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, பங்கு ஒன்று 25 ரூபாய் என்று 40,000 பங்குகள் விற்று 10 லட்சம் திரட்டுவதுதான் திட்டம். பொதுமக்கள் பணத்தில் தூத்துக்குடி – கொழும்பு கடலில் கப்பல் விட முடியும் என்று காட்டியவர் அவர். அதற்குப் பரிசாகக் கிடைத்த தண்டனையில் ஒரு பகுதியை நம் கோயம்புத்தூர் சிறையில்தான் அனுபவித்தார். வ.உ.சி.யின் கப்பல் வியாபாரக் கப்பல், தருமக் கப்பல் அல்ல. ஆனாலும் பல பேர் போட்ட சின்னத் தொகைகள் சேர்ந்து அதே கடல்வழியில் ஒரு கப்பலாக மாறியது என்பதில் இரண்டுக்கும் உறவு இருக்கிறது.

1987இல் போனது சுமார் 40 டன். 2022இல் தீர்மானித்தது 40,000 டன். சரியாக ஆயிரம் மடங்கு. இதையும் பங்கிட்டுப் பார்த்தேன். இலங்கையின் மக்கள்தொகை 2 கோடியே 20 லட்சம் என்று வைத்தால், ஆளுக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வாரச் சோறு. ஒரு நாட்டின் பஞ்சம் இதில் தீராது. இந்திய அரசு கொடுத்த கடன் உதவிகளின் முன்னால் இது சின்னத் தொகைதான். ஆனால் இல்லாத வீட்டுக்கு ஒரு வாரச் சோறு என்பது சின்ன விஷயமல்ல.

அளவை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடக் கூடாது. இரண்டு பயணத்துக்கும் பெரிய வித்தியாசங்கள் மூன்று. ஒன்று, 1987இல் அங்கே போர் நடந்துகொண்டிருந்தது, அரசு எதிர்த்தது. 2022இல் அரசே உதவி கேட்கும் நிலையில் இருந்தது. இரண்டாவது, தமிழ்நாடு தானாகக் கப்பலை விடவில்லை. மத்திய அரசின் சம்மதத்தோடு, தூதரகம் வழியாகக் கொடுத்தது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாருக்கு என்ற கேள்விக்கு 'எல்லாருக்கும்' என்று பதில் சொல்லிவிட்டுக் கப்பல் கிளம்பியது. அந்தப் பதிலை நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் வாங்குகிற இடத்தில் இருந்தவர்கள்.

தருமம் செய்கிறவன் வாங்குகிறவனிடம் யோசனை கேட்பது நம் வழக்கத்தில் குறைவு. கொடுப்பதைக் கொடுக்கிறோம், வாங்கிக்கொள் என்பதுதான் வழக்கம். பழந்துணி கொடுக்கும்போதுகூட அப்படித்தான். மலைப்பகுதியில் குளிருக்கு ஸ்வெட்டர் இல்லாமல் இருப்பார்கள், நாம் மெல்லிய பனியனை மூட்டை கட்டி அனுப்புவோம். கேட்டுக் கொடுத்தால் அதே பணத்தில் இரண்டு மடங்கு பயன். 2022இல் ஒரு மாநில அரசு, தான் முதலில் சொன்னதை, வாங்குகிறவர்களின் சொல்லைக் கேட்டு மாற்றிக்கொண்டது. கட்சி வேறுபாடு பார்க்காமல் இதை நல்ல முன்மாதிரி என்று சொல்லலாம்.

இதனால் கடலின் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. பாக் நீரிணைப் பக்கம் நம் மீனவர்கள் இன்றும் பிடிபடுகிறார்கள், படகுகள் பறிமுதல் ஆகின்றன. நம் இழுவைமடிப் படகுகள் தங்கள் கடலை வழித்துக்கொண்டு போகின்றன என்பது யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்களின் புகார். இரண்டு பக்கமும் தமிழர்கள், இரண்டு பக்கமும் வயிற்றுப் பாடு. எல்லாருக்கும் என்று அரிசி அனுப்பிய மனசு மீன் விஷயத்திலும் வர வேண்டும். அது அரிசியைப் போல ஒரே கப்பலில் தீரும் காரியம் அல்ல.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. கடவுச்சீட்டு வைத்திருப்பவர் டிக்கெட் எடுத்து, சில மணி நேரத்தில் அந்தக் கரையில் இறங்கலாம். 1987இல் ராமேஸ்வரத்துப் படகுகள் எந்தக் கரைக்குப் போக முடியாமல் திரும்பினவோ, அந்தக் கரைக்கு இன்றைக்குப் பட்டுச்சேலையும் பலகாரமும் எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முழங்கால் ஒத்துழைத்தால் நானும் ஒரு தடவை போய்வர நினைத்திருக்கிறேன்.